ஒரு மூலிகை இரத்த அழுத்தத்தைக் குறைக்கிறதா என்று சோதிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

சர்ப்பகந்தா என்ற செடியின் வேரை இந்திய வைத்தியர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்தார்கள். 1931இல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் அந்த வேர் இரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்று எழுதினார்கள். அதே காலத்தில் சலீமுஸ்ஸமான் சித்திகி அதிலிருந்து அஜ்மலின் முதலிய அழகான படிகங்களைப் பிரித்தெடுத்தார். ஆனால் அழுத்தத்தைக் குறைக்கும் முக்கியமான பொருள் அந்தப் படிகங்களில் இல்லை. பிசின் போல ஒட்டிக்கொண்டிருந்த மிச்சத்தில் இருந்தது. 1949இல் பம்பாயைச் சேர்ந்த ருஸ்தம் ஜால் வக்கீல் தம் நோயாளிகளிடம் கண்டதைப் பிரிட்டிஷ் இதயவியல் இதழில் வெளியிட்ட பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா மருந்து நிறுவனத்தார் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதன் பெயர் ரெசர்பின்.

இந்தக் கதையை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. மூலிகை கொடுத்த பிறகு எண் குறைவதைப் பார்ப்பது எளிது. அந்த மூலிகைதான் குறைத்தது என்று காட்டுவதுதான் கடினம். இரத்த அழுத்தம் தானாகவே இறங்கும், ஏறும். அளப்பவரைப் பொறுத்து மாறும். சோதனைக்கு எடுத்த எலிக்குப் பசி எடுக்காவிட்டாலும் இறங்கும். கீழே வரும் ஒவ்வொரு படியும் "வேறு ஏதாவது காரணமாக இருக்குமோ?" என்ற சந்தேகம் ஒன்றை நீக்குவதற்காக வைக்கப்பட்டது. அப்படிப் பார்த்தால் எந்தப் படியைத் தாண்டிப் போகலாம், எதைத் தாண்டவே கூடாது என்பது விளங்கும்.

முதல் படி: மரபு உண்மையில் என்ன சொல்கிறது?

கையில் பட்டை கட்டி அழுத்தம் அளக்கும் கருவியை ரிவா ரோச்சி 1896இல் அறிமுகப்படுத்தினார். ஸ்டெதஸ்கோப் வைத்து ஒலி கேட்டு மேல் அழுத்தம், கீழ் அழுத்தம் இரண்டையும் அளக்கும் முறை கொரோட்காஃப் 1905இல் சொன்னது. அதற்கு முந்தைய எந்த ஓலைச்சுவடியிலும் இரத்த அழுத்தம் என்று ஓர் அளவு இருக்க வழியில்லை. தலைச்சுற்றல், மண்டைக்குத்து, படபடப்பு, கால் வீக்கம் என்றுதான் இருக்கும். உயர் இரத்த அழுத்தமோ பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. ஆகவே "பிபிக்குப் பாரம்பரியமாகக் கொடுக்கப்படுகிறது" என்ற வரியைப் பார்த்தால், அது பழைய வழக்கா, அண்மையில் யாரோ சேர்த்த விளக்கமா என்று பிரித்துப் பாருங்கள். தலைவலிக்குக் கொடுத்த மூலிகை தலைவலியை மட்டும் போக்கலாம். அழுத்தத்தைத் தொடாமலே இருக்கலாம்.

வைத்தியரிடம் பேசும்போது கேட்க வேண்டியவை: செடியின் எந்தப் பாகம், எந்தப் பருவத்தில் பறிப்பது, பச்சையா உலர்ந்ததா, கஷாயமா சூரணமா, எவ்வளவு, எத்தனை நாள். கடைசியாக, யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பதைக் கட்டாயம் கேளுங்கள். அனுபவமுள்ள வைத்தியர் ஒருவர் "இதைக் கர்ப்பிணிக்குக் கொடுக்க மாட்டேன்" என்று சொன்னால் அது நச்சுச் சோதனைக்கு முன்பே கிடைத்த தகவல். இந்த அறிவு அவருடையது. 2010இல் ஏற்கப்பட்டு 2014இல் நடைமுறைக்கு வந்த நகோயா நெறிமுறை, மரபறிவைப் பயன்படுத்துமுன் ஒப்புதலும், பலனில் பங்கும் வேண்டும் என்கிறது. உங்கள் நாட்டுச் சட்டம் அதை எப்படி நடைமுறைப்படுத்துகிறது என்று தெரிந்துகொண்டு, செடியைப் பறிக்கும் முன்பே அனுமதி வாங்கிவிடுங்கள்.

இரண்டாம் படி: இது அந்தச் செடிதானா?

பல ஆய்வுகள் சத்தமில்லாமல் செத்துப்போகும் இடம் இது. பிரம்மி என்ற பெயரில் நீர்ப்பிரம்மியும் புழங்குகிறது, வல்லாரையும் புழங்குகிறது. சங்கபுஷ்பி என்று கேட்டால் விஷ்ணுகிரந்தியும் வரும், சங்குப்பூவும் வரும். பெயர் ஒன்று, வேதிப்பொருள் வேறு.

பெயர் குழப்பம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் நடந்தது போதும். உடல் எடை குறைக்கக் கொடுத்த கலவையில் ஸ்டெஃபானியா டெட்ராண்ட்ரா என்ற சீன மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா இனச் செடி ஒன்று புகுந்துவிட்டது. சீனப் பெயர்கள் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோல ஒலிக்கும். ஏராளமான பெண்களின் சிறுநீரகம் கெட்டது. சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது.

அதனால் பூவோடும் முடிந்தால் காயோடும் ஒரு கிளையை அழுத்தி உலர்த்தி, தாவரவியலாளர் ஒருவரிடம் காட்டி, அறிவியல் பெயரை உறுதிசெய்து, உலர்தாவரச் சேகரிப்பகமான ஹெர்பேரியத்தில் வைத்து எண் வாங்குங்கள். அந்த எண் கடைசி அறிக்கை வரை கூடவே வர வேண்டும். தூளாக வாங்கிய சரக்கில் இந்த வேலையைச் செய்யவே முடியாது. முழுச் செடியாக, நீங்களே பார்த்து எடுங்கள். எங்கே, எந்த மாதம், பூப்பதற்கு முன்பா பின்பா என்று குறித்து வையுங்கள். முழு ஆய்வுக்கும் தேவையானதை ஒரே தடவையில் சேகரித்து நிழலில் உலர்த்துவது நல்லது. நான் ஒருமுறை பாதி ஆய்வில் சரக்கு தீர்ந்து, அடுத்த பருவத்து இலையை வைத்துத் தொடர்ந்தேன். முதல் பாதியின் முடிவும் இரண்டாம் பாதியின் முடிவும் ஒத்துவரவே இல்லை. இரண்டையும் சேர்த்து எழுத மனம் வரவில்லை. ஏழு மாத வேலையை ஒதுக்கி வைத்தேன்.

மூன்றாம் படி: சாறு எடுப்பது

வைத்தியர் தண்ணீரில் கொதிக்க வைத்துக் கொடுத்தால், நீங்களும் முதலில் தண்ணீரில் கொதிக்க வையுங்கள். மெத்தனாலிலோ ஹெக்சேனிலோ எடுத்த சாறு பலனளித்தால் அது சுவையான செய்திதான். ஆனால் மரபு மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அது சான்றல்ல, மக்கள் குடித்தது அதை அல்ல. நீர்ச்சாறு ஒன்று, 70 சதவீத எத்தனால் சாறு ஒன்று என்று இரண்டையும் இணையாக வைத்துக்கொள்வது நல்ல நடைமுறை.

வடிகட்டி, உறைய வைத்து உலர்த்தி, எடை போட்டு, விளைச்சல் சதவீதத்தை எழுதுங்கள். 100 கிராம் உலர்ந்த இலையில் 10 கிராம் சாறு வந்தால் விளைச்சல் 10 சதவீதம். இந்த எண் பின்னால் மிகவும் தேவைப்படும். பிறகு சாற்றிலுள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் எச்.பி.டி.எல்.சி. அல்லது எச்.பி.எல்.சி. கருவியில் ஓட்டி ஒரு கைரேகைப் படம் எடுத்து, தெரிந்த பொருள் ஒன்றைக் குறிபொருளாக வைத்து அதன் அளவைக் குறியுங்கள். ஈயம், பாதரசம், ஆர்சனிக், காட்மியம், பூச்சிமருந்து மிச்சம், அஃப்லாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு, கிருமி எண்ணிக்கை ஆகியவற்றையும் பாருங்கள். விலைக்கு வாங்கிய தூள் என்றால், யாராவது உண்மையான பிபி மாத்திரையைப் பொடித்துக் கலந்திருக்கிறார்களா என்றும் சோதிக்க வேண்டும். இந்தக் கலப்படம் உலகெங்கும் பிடிபட்டிருக்கிறது. சாற்றில் ஒரு பங்கை இறுக மூடி, உறைபெட்டியில், தொடாமல் வைத்துவிடுங்கள்.

நான்காம் படி: சோதனைக்குழாயும் பெருந்தமனி வளையமும்

இரத்தக்குழாயைச் சுருக்கும் பொருளை உடலில் உண்டாக்கும் ஏ.சி.இ. என்சைமைத் தடுக்கிறதா என்று பார்ப்பது எல்லோரும் முதலில் செய்வது. 1971இல் குஷ்மன், சங் இருவரும் வகுத்த முறையில் என்சைம் வெட்டிவிடும் ஹிப்பூரிக் அமிலத்தை 228 நானோமீட்டரில் அளப்பார்கள். ஒப்பீட்டுக்கு, இந்த என்சைமைத் தடுக்கும் பிபி மருந்தான கேப்டோப்ரில் வைப்பார்கள். மலிவு, விரைவு. ஆனால் டானின் நிறைந்த எந்தச் சாறும் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு என்சைமை முடக்கிவிடும். துவர்க்கும் இலை எதைப் போட்டாலும் பலன் தெரியும். டானினை நீக்கிய பிறகும் தடை இருந்தால்தான் மேலே போங்கள். இந்த ஒரு சோதனையை மட்டும் வைத்து "பிபிக்கு மருந்து" என்று எழுதுவது படிப்பவரை ஏமாற்றுவதாகும்.

பெருந்தமனி வளையச் சோதனை எனக்குப் பிடித்தது, ஏனென்றால் பதிலோடு காரணத்தின் வாடையும் அதில் வரும். எலியின் பெருந்தமனியை 3 முதல் 4 மில்லிமீட்டர் வளையங்களாக வெட்டி, 37 டிகிரியில், உடல் திரவத்தை ஒத்த உப்புக் கரைசலான கிரெப்ஸ் கரைசலில் தொங்கவிட்டு, 95 சதவீத ஆக்சிஜனும் 5 சதவீதக் கரியமில வாயுவும் குமிழவிட வேண்டும். ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஓய்வு கொடுத்து, 15 நிமிடத்துக்கு ஒருமுறை கரைசலை மாற்ற வேண்டும். அப்புறம் ஃபினைலெஃப்ரின் கொடுத்துச் சுருங்க வைத்து, அசிட்டைல்கோலின் கொடுத்துப் பாருங்கள். நன்றாகத் தளர்ந்தால் உட்சுவர் உயிரோடு இருக்கிறது. தளராவிட்டால் வெட்டும்போது சிதைத்துவிட்டீர்கள். அந்த வளையத்தைத் தூக்கிப்போடுங்கள்.

இப்போது சாற்றைச் சிறிதிலிருந்து பெரிய அளவு வரை படிப்படியாகச் சேருங்கள். உட்சுவர் உள்ள வளையம் தளர்ந்து, உட்சுவரைச் சுரண்டி எடுத்த வளையம் தளராவிட்டால், பலன் உட்சுவர் வழியாக வருகிறது. நைட்ரிக் ஆக்சைடு உண்டாவதைத் தடுக்கும் எல்-நேம் என்ற பொருளைச் சேர்த்ததும் பலன் மறைந்தால், தமனியைத் தளர்த்தியது உட்சுவரில் உண்டாகும் நைட்ரிக் ஆக்சைடு என்று கொள்ளலாம். பொட்டாசியம் குளோரைடால் சுருங்கிய வளையத்தையும் தளர்த்தினால் கால்சியம் வாயில்களைச் சந்தேகியுங்கள். அந்த வாயில்களை அடைக்கும் மருந்தான வெரபமில்லை ஒப்பீடாக வையுங்கள். முடித்த பின் கழுவிவிட்டு மறுபடி சுருங்குகிறதா என்று கட்டாயம் பாருங்கள். சுருங்காவிட்டால் உங்கள் சாறு தமனியைத் தளர்த்தவில்லை, கொன்றிருக்கிறது. சாற்றைக் கரைக்கும் டி.எம்.எஸ்.ஓ.வும் தமனியைத் தளர்த்தும், ஆகவே அது மட்டும் ஊற்றிய வளையம் ஒன்று ஒவ்வொரு முறையும் வேண்டும்.

ஒரு கணக்கு. வளையம் தளர ஒரு மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் சாறு தேவைப்பட்டது என்று வையுங்கள். மனித உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம். அப்படியென்றால் 5 கிராம் சாறு முழுதாக, ஒரே நேரத்தில், இரத்தத்துக்குள் போக வேண்டும். வாய்வழி எந்தச் சாறும் அப்படிப் போவதில்லை.

ஐந்தாம் படி: நச்சுத்தன்மை

எலியில் பலனைப் பார்க்கும் முன் இதைச் செய்யுங்கள். ஓ.இ.சி.டி. 425 என்ற பன்னாட்டு வழிகாட்டி முறையில் எலிக்கு உடல் எடையில் கிலோவுக்கு 2000 மில்லிகிராம் வரை கொடுத்து 14 நாள் கவனிப்பார்கள். அது கடந்தால் 28 நாள், 90 நாள் ஆய்வுகள். கல்லீரல், சிறுநீரகம், இரத்த அணுக்கள் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். பிபி மருந்தை மனிதர்கள் ஆண்டுக்கணக்கில் உண்பார்கள் என்பதால் 14 நாள் சோதனை மட்டும் போதவே போதாது.

ஆறாம் படி: எலி

விலங்கு நெறிமுறைக் குழுவின் எழுத்து அனுமதி இல்லாமல் ஓர் எலியையும் தொடக் கூடாது. ரசல், பர்ச் இருவரும் 1959இல் சொன்ன மூன்று விதிகளும், அதாவது மாற்றுவழி இருந்தால் அதை எடு, எண்ணிக்கையைக் குறை, வேதனையைக் குறை என்பவை, விண்ணப்பத்தோடு நின்றுவிடக் கூடாது.

எந்த மாதிரியில் சோதிப்பது? 1963இல் ஒகமோட்டோ, அவோகி உருவாக்கிய எஸ்.எச்.ஆர். எலிகளுக்குப் பிறவியிலேயே அழுத்தம் ஏறும். மனிதர்களுக்கு வரும் வகையோடு ஓரளவு ஒத்துப்போகும். எல்-நேமைச் சில வாரம் கொடுத்து அழுத்தத்தை ஏற்றுவது இன்னொரு வழி. இதில் ஒரு சிக்கல் உண்டு: எல்-நேம் நைட்ரிக் ஆக்சைடு உண்டாக்கும் என்சைமையே அடைத்துவிடுகிறது. உங்கள் மூலிகை அந்த என்சைமைத் தூண்டித்தான் வேலை செய்கிறது என்றால், இந்த எலியில் பலனில்லாதது போலத் தோன்றும். டோகா என்ற ஹார்மோனும் உப்பும் கொடுக்கும் மாதிரி, சிறுநீரகத் தமனியை நெருக்கும் கோல்ட்பிளாட் மாதிரி என்று வேறும் உண்டு. வளையச் சோதனை காட்டிய காரணத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்; இரண்டு மாதிரியில் பலன் தெரிந்தால் நம்பிக்கை கூடும்.

மயக்கிய எலியின் இரத்தக்குழாயில் சாற்றை ஊசிபோட்டு, அழுத்தம் சரிந்ததைக் கண்டு மகிழாதீர்கள். தாவரச் சாறுகளில் பொட்டாசியம் ஏராளம். கோலின், ஹிஸ்டமின், கிருமிகளின் நச்சு எல்லாம் இருக்கலாம். இவற்றில் எதை நேரே இரத்தத்தில் செலுத்தினாலும் அழுத்தம் விழும். கீரைச்சாறுகூட விழச் செய்யும். மரபில் வாய்வழி கொடுத்த மருந்தை வாய்வழியே கொடுங்கள்.

அளப்பதில் வால் பட்டை முறைதான் பரவலானது. எலிக்கு அது பிடிக்காது. அடைத்து வைத்து வாலைச் சூடாக்கினால் பயத்திலேயே அழுத்தம் ஏறும். ஆய்வு தொடங்குமுன் ஒரு வாரமாவது தினமும் கூண்டில் வைத்துப் பழக்குங்கள். அதே நேரம், அதே அறை, அதே ஆள். அளப்பவருக்கு எந்த எலி எந்தக் குழு என்று தெரியக் கூடாது. பணமும் வசதியும் இருந்தால் உடலுக்குள் பொருத்தும் டெலிமெட்ரி கருவிக்கு நிகரில்லை. எலி தன்பாட்டுக்கு உலாவ, 24 மணி நேரமும் அளவு வரும்.

குழுக்கள்: நோயற்ற எலி, நோயுள்ள எலிக்கு வெறும் கரைப்பான், கேப்டோப்ரில் போன்ற தெரிந்த மருந்து, சாறு மூன்று அளவுகளில். குலுக்கிப் போட்டுப் பிரியுங்கள். தெரிந்த மருந்தே உங்கள் எலியில் அழுத்தத்தைக் குறைக்கவில்லை என்றால் கோளாறு உங்கள் அளவையில். உடல் எடையும் தீவன அளவும் வாரந்தோறும் எழுதப்பட வேண்டும். கசப்பான சாறு எலியின் பசியைக் கொன்றால் எடை குறையும், எடையோடு அழுத்தமும் குறையும். அதை மூலிகையின் வெற்றி என்று பதிவு செய்தவர்கள் உண்டு. இதயத் துடிப்பையும், சிறுநீரின் அளவையும், அதில் போகும் சோடியம், பொட்டாசியத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

அளவைத் தேர்ந்தெடுக்கும்போது மனிதரை மனத்தில் வையுங்கள். எலியின் அளவை மனித அளவாக மாற்ற 6.2ஆல் வகுப்பது வழக்கம். எலிக்குக் கிலோவுக்கு 200 மில்லிகிராம் என்றால் மனிதருக்கு ஏறத்தாழ 32 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு 1.9 கிராம் சாறு. விளைச்சல் 10 சதவீதம் என்றால் 19 கிராம் உலர்ந்த இலை. குடிக்கக்கூடிய அளவுதான். எலிக்கு 1000 மில்லிகிராம் கொடுத்தால்தான் பலன் என்றால் தினமும் கிட்டத்தட்ட 100 கிராம் இலை வேண்டும். அந்த முடிவோடு மனிதரிடம் போகாதீர்கள்.

பலன் உறுதியானால் சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் மறுபடி சோதியுங்கள். படிகமாக வருவதை மட்டும் துரத்த வேண்டாம்; ரெசர்பின் ஒளிந்திருந்த இடம் நினைவிருக்கட்டும்.

ஏழாம் படி: மனிதர்கள்

நெறிமுறைக் குழுவின் அனுமதி, பங்கேற்பவரின் மொழியில் எழுதிய ஒப்புதல், முதல் ஆள் சேரும் முன்பே பொதுப் பதிவேட்டில் பதிவு, இதய மருத்துவர் ஒருவரின் பொறுப்பு. இவை நான்கும் இல்லாமல் தொடங்கவே கூடாது. யாரும் தம் மாத்திரையை நிறுத்திவிட்டு மூலிகைக்கு மாறும்படி ஆய்வை வடிவமைக்காதீர்கள். மருந்து இன்னும் தேவைப்படாத, இலேசாக உயர்ந்த அழுத்தம் உள்ளவர்களைச் சேருங்கள்; அல்லது மாத்திரையை அப்படியே தொடரவிட்டு மூலிகையைக் கூடுதலாகக் கொடுங்கள். இரண்டாவது வழியில் அழுத்தம் அளவுக்கு மீறி இறங்குவதையும் பொட்டாசியம் மாறுவதையும் கண்காணிக்க வேண்டும். கர்ப்பிணிகளும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் வேண்டாம். மூலிகை என்றால் இறக்கத்தான் செய்யும் என்றும் எண்ண வேண்டாம்: அதிமதுரத்தை அதிகம் உண்டால் பொட்டாசியம் குறைந்து அழுத்தம் ஏறும்.

மருந்தே இல்லாத மாத்திரையைப் பெறும் போலி மருந்துக் குழு ஏன் கட்டாயம்? ஒரு நாள் அளந்து 150க்கு மேல் இருப்பவர்களை மட்டும் சேர்க்கிறீர்கள் என்று வையுங்கள். அவர்களில் சிலருக்கு அன்று மட்டும் தற்செயலாக ஏறியிருக்கும். ஒரு மாதம் கழித்து அளந்தால், எதுவுமே கொடுக்காமல்கூட அந்தக் கூட்டத்தின் சராசரி இறங்கியிருக்கும். அதோடு மருத்துவமனைக்குப் பழகிய பின் பயம் தெளியும். ஆய்வில் சேர்ந்த உற்சாகத்தில் உப்பைக் குறைப்பார்கள், நடக்கத் தொடங்குவார்கள். ஆகவே "முன்பு இவ்வளவு, பின்பு இவ்வளவு" என்ற ஒப்பீடு எதையும் நிரூபிக்காது. 2010இல் வெளியான புளிச்சைப் பூத் தேநீர் ஆய்வைப் பாருங்கள். 65 பேர், 6 வாரம், தினம் 3 கோப்பை. தேநீர் குடித்தவர்களுக்கு மேல் அழுத்தம் 7.2 அலகு (மில்லிமீட்டர் பாதரசம்) குறைந்தது, போலிப் பானம் குடித்தவர்களுக்கும் 1.3 குறைந்தது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் தேநீருடையது.

போலி மருந்து நிறத்திலும் மணத்திலும் கசப்பிலும் உண்மையானதைப் போலவே இருக்க வேண்டும். கஷாயத்தில் இது மிகவும் கடினம். உலர்த்திய சாற்றை நிறமுள்ள கேப்சூலில் அடைப்பது உதவும். ஆய்வின் முடிவில் "உங்களுக்குக் கிடைத்தது எது என்று நினைக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். பெரும்பாலோர் சரியாகச் சொன்னால் மறைப்பு உடைந்துவிட்டது.

எத்தனை பேர்? அழுத்த மாற்றத்தின் திட்ட விலக்கம் 10 அலகு, நீங்கள் எதிர்பார்க்கும் வித்தியாசம் 5 அலகு என்றால், 80 சதவீத வலுவுக்கு, அதாவது உண்மையில் இருக்கும் பலனைக் கண்டுபிடிக்க 80 சதவீத வாய்ப்பு இருப்பதற்கு, குழுவுக்கு 63 பேர் வேண்டும். இடையில் விட்டுப்போகிறவர்களையும் கணக்கிட்டால் 75 பேர். வித்தியாசம் 3 அலகுதான் என்றால் குழுவுக்கு 175ஐத் தொடும். 5 அலகு சின்னதாகத் தோன்றலாம். ஆனால் பெரிய மருந்து ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், மேல் அழுத்தம் 5 அலகு குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரும் இதய, இரத்தக்குழாய் நிகழ்வுகள் ஏறத்தாழ 10 சதவீதம் குறைவதாகத் தெரிகிறது. குழுவுக்கு 15 பேரை வைத்து நடத்தும் ஆய்வு அந்தப் பலனைத் தவறவிடும், அல்லது இல்லாத பலனைக் காட்டிவிடும்.

அளக்கும் முறையை ஒரு தாளில் எழுதி அளவெடுக்கும் ஒவ்வொருவருக்கும் பயிற்சி கொடுங்கள். அரை மணி முன்பிருந்து காபி, புகை இல்லை. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, கால் தரையில் பதிய, பேசாமல் 5 நிமிடம் உட்கார வேண்டும். கை இதய மட்டத்தில் தாங்கியிருக்க வேண்டும். பட்டை கையின் பருமனுக்குப் பொருந்த வேண்டும், சிறிய பட்டை எண்ணை ஏற்றிக் காட்டும். ஒரு நிமிட இடைவெளியில் மூன்று முறை அளந்து, முதல் அளவை விட்டுவிட்டு மற்ற இரண்டின் சராசரியை எடுங்கள். முடிந்தால் 24 மணி நேரம் உடலோடு இருந்து அளக்கும் கருவியையே முதன்மை அளவாக வையுங்கள். போலி மருந்தின் பாதிப்பு அதில் மிகக் குறைவு, இரவு அழுத்தமும் தெரியும். தொடக்கத்திலும் முடிவிலும் 24 மணி நேரச் சிறுநீரில் சோடியம் பார்த்தால், இறங்கியது மூலிகையாலா உப்பைக் குறைத்ததாலா என்ற கேள்விக்குப் பதில் கையில் இருக்கும்.

எட்டு முதல் பன்னிரண்டு வாரம் கொடுங்கள். கல்லீரல், சிறுநீரகச் சோதனைகளை இடையிலும் செய்யுங்கள். ரெசர்பின் அழுத்தத்தைக் குறைத்தபோது மனச்சோர்வைப் பற்றிய புகார்களும் வந்தன. அதனால் தூக்கம், மனநிலை பற்றியும் கேளுங்கள், பங்கேற்பவர் தாமாகச் சொல்லும் வரை காத்திருக்க வேண்டாம். மருந்தை நிறுத்திய பின் இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை அளங்கள். மூலிகைக் குழுவில் மட்டும் அழுத்தம் பழையபடி ஏறினால் அது வலுவான சாட்சி.

எட்டாம் படி: கணக்கும் எழுத்தும்

முதன்மை அளவு எது, எந்த வாரம், எந்தக் கணக்கீடு என்று பதிவேட்டில் எழுதியதை முடிவு பார்த்த பின் மாற்றாதீர்கள். ஒப்பிட வேண்டியது இரு குழுக்களுக்கு இடையே உள்ள மாற்றத்தை. ஒரு குழுவுக்குள் முன்பும் பின்பும் அல்ல. விட்டுப்போனவர்களையும் அவர்கள் சேர்ந்த குழுவிலேயே வைத்துக் கணக்கிடுங்கள். எலி ஆய்வுக்கு அரைவ் வழிகாட்டியும், மனித ஆய்வுக்குக் கன்சார்ட்டின் மூலிகைக்கான விரிவாக்கமும் எதையெல்லாம் எழுத வேண்டும் என்று சொல்கின்றன. பாகம், பருவம், ஹெர்பேரியம் எண், கரைப்பான், விளைச்சல், குறிபொருளின் அளவு எதையும் விடாதீர்கள். பலன் இல்லை என்று வந்தாலும் இதே விவரத்தோடு வெளியிடுங்கள். அதே செடியை எடுக்கப்போகும் இன்னொரு குழுவுக்கு அது பல ஆண்டுகளை மிச்சமாக்கும். உறைபெட்டியில் மூடி வைத்த அந்தப் பங்கை, யாராவது உங்கள் ஆய்வைத் திரும்பச் செய்யக் கேட்டால் கொடுப்பதற்காக, அப்படியே வைத்திருங்கள்.